தாளத் தட்டு வாங்கப் போன கதை



சென்ற மாதம் வானொலியில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கீதம் படித்தவன் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி படித்துவிட்டு, இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்த வளைகுடாவில் மற்றவர்களின் கணக்கை எழுதிக்கொண்டிருப்பவன். ஆகவே சங்கீத ஞானம் உள்ளவர்கள் பிழை கண்டால் பொறுத்தருளவும்.

விடயம் இதுதான். என் பெறாமகன், அதாவது என் அண்ணாவின் மகன், டுபாயில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறான். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு சேர்ந்து ட்ரம்ஸ் வாசிப்பான். கலியாண வரவேற்பு, பிறந்தநாள், பொங்கல் விழா என்று எங்கள் ஆட்களின் நிகழ்ச்சிகளுக்கும் போவார்கள். ஒருநாள் இரவு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சார்ஜாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை.

"சித்தப்பா, அப்பான்ர தட்டு வெடிச்சிட்டுது" என்றான்.

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். விளிம்பில் தொடங்கி உள்ளே இரண்டு விரல் தூரத்துக்கு ஒரு வெடிப்பு. அந்தத் தட்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

1982இல் அண்ணா கொழும்பில் வாங்கி, யாழ்தேவியில் மடியில் வைத்துக்கொண்டு வந்த தட்டு அது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரில் இசைக்குழுக்களும் பொப்பிசையும் கொடிகட்டிப் பறந்த காலம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் பாட்டுகள் இல்லாமல் ஒரு கலியாண வீடு நடக்காது. அண்ணா ஒரு சிறிய கோஷ்டியில் ட்ரம்ஸ் அடித்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில் யாழ்ப்பாணமே நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, ட்ரம்ஸ் எல்லாம் வீட்டோடு போயிற்று. அந்தத் தட்டு மட்டும் அம்மாவின் பழைய சேலையில் சுற்றி அண்ணாவின் சைக்கிள் கரியரில் வந்தது. சாவகச்சேரி, கிளாலிக் கடல், வன்னி, பிறகு 1996இல் படகில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம். என் பெறாமகன் 1998இல் தமிழ்நாட்டில் முகாமில் பிறந்தவன். அந்தத் தட்டின் சத்தத்தில் வளர்ந்தவன். 2011இல் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோதும் தட்டு கூடவே போனது. அவன் டுபாய்க்கு வந்தபோது அண்ணா அதை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

இப்போது அது வெடித்துவிட்டது. அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்பது அவனுடைய கவலை. புதிதாக என்ன வாங்குவது என்பது இரண்டாவது கவலை. அந்த இரண்டாவது கவலையைத் தீர்க்கத்தான் நான் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். புரட்டப் புரட்ட, அது எங்களைப் போன்றவர்களின் கதையாகவே இருந்தது.

றைட் என்றால் என்ன?

ட்ரம்ஸ் செட்டில் இருக்கும் வெண்கலத் தட்டுகளுக்கு ஒவ்வொரு வேலை உண்டு. காலால் மிதிக்க ஒன்றோடொன்று மோதும் சோடித் தட்டு ஹை-ஹற். பாட்டின் திருப்பத்தில் ஓங்கி ஒரு அடி விழுவது கிராஷ். இவைகளைவிடப் பெரியதாக, வாசிப்பவரின் வலப்பக்கத்தில் படுக்கையாக இருப்பது றைட். பெரும்பாலும் 20 அல்லது 22 அங்குல அகலம். 20 அங்குல நடுத்தரத் தட்டு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ வரை இருக்கும். இதில் குச்சியின் நுனி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு முழுவதற்கும் நடையைக் கொடுப்பது அதுதான். எங்கள் கச்சேரிகளில் தாளம் போடுபவர் ஒருவர் அமைதியாக ஓரத்தில் இருப்பாரே, அவருடைய வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தட்டுக்கு உலோகம் முக்கியம். செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு சேர்ந்த வெண்கலம் உயர்ந்தது என்பார்கள். செம்பு 92, வெள்ளீயம் 8 என்ற கலவையிலும் பெயர்பெற்ற தட்டுகள் உண்டு. செம்போடு நாகம் சேர்ந்தால் அது பித்தளை. பழகுபவர்களுக்கான மலிவுத் தட்டுகள் பெரும்பாலும் பித்தளையில் வருகின்றன.

வெள்ளீயம் 20 பங்கு சேர்ந்த வெண்கலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது நன்றாக ஒலிக்கும், ஆனால் மெல்ல ஆறவிட்டால் கண்ணாடிபோல் உடையும். உருக்கைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் கடினமாகும் என்பது எங்களுக்குத் தெரியும். இந்த வெண்கலம் அதற்கு நேர்மாறு. சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தினால் உடையும் தன்மை குறைந்து, சுத்தியலுக்கு வசப்படும். இந்த நுட்பம் தமிழ்மண்ணுக்குப் புதியது அல்ல. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் இரும்புக்காலப் புதைகுழிகளில் கிடைத்த மெல்லிய வெண்கலப் பாத்திரங்களை உலோகவியலாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு இருபதுக்கு மேல் வெள்ளீயம் சேர்த்து, சூட்டில் அடித்து, தண்ணீரில் அமிழ்த்திச் செய்தவை என்று கண்டார். எங்கள் கோயில் சேமக்கலமும் கைத்தாளமும் இந்த வெண்கல உறவினர்தான்.

நாம் நிற்கும் மண்ணின் செம்பு

இந்த வளைகுடாவில் எண்ணெய் வருமுன் ஒன்றுமே இருக்கவில்லை என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டில் மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகைகளில் 'மகன்' என்று ஒரு நாட்டின் பெயர் வருகிறது. செம்பு அங்கிருந்துதான் வந்தது. இன்றைய ஓமானும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்த நிலம்தான் அந்த மகன் என்பது ஆய்வாளர் முடிவு. சொஹார் நகருக்கு உள்ளே வாடி ஜிஸ்ஸி பள்ளத்தாக்கில் பழைய செம்புச் சுரங்கங்களும் உலைக் கழிவுக் குவியல்களும் இருக்கின்றன. சார்ஜாவுக்கும் உம்முல் குவைனுக்கும் இடையே உள்ள தெல் அப்ராக் என்ற மேட்டில், அந்த ஆயிரமாண்டின் இறுதிக் காலத்திலேயே வெள்ளீயம் கலந்த வெண்கலப் பொருட்கள் கிடைத்துள்ளன. வெள்ளீயம் இந்த மண்ணில் இல்லை. கடல் கடந்து வந்தது. அப்போதே இது வந்து போகிறவர்களின் நாடு.

கணக்காளன் என்பதால் இங்கே ஒரு கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஹ்ரேன் அன்று தில்முன் எனப்பட்டது. தில்முன் வழியாகச் செம்பு வியாபாரம் செய்த ஈயா-நாசிர் என்ற ஒருவர் ஊர் நகரத்தில் இருந்தார். தரம் குறைந்த செம்பைத் தந்துவிட்டாய், நான் அனுப்பிய ஆளையும் மதிக்கவில்லை என்று நன்னி என்ற வாடிக்கையாளர் அவருக்கு எழுதிய களிமண் கடிதம் கி.மு. 1750 அளவைச் சேர்ந்தது. இப்போது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. உலகின் மிகப் பழைய வாடிக்கையாளர் முறைப்பாடு என்று அதைச் சொல்கிறார்கள். பொருளின் தரத்தைப் பற்றிய சண்டைக்கு ஏறக்குறைய நாலாயிரம் வயதாகிறது.

தாளத் தட்டும் இந்தக் கரைக்குப் புதியது அல்ல. பஹ்ரேனின் முத்துக்குளிப்போர் பாடிய ஃபிஜிரி இசையில் சிறு கைத்தாளங்கள் உண்டு, எங்கள் கடம் போன்ற மண்பானையும் உண்டு. 2021இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. முத்துக்குளிக்க அரபுச் சுழியோடிகள் எங்கள் மன்னார்க் கடலுக்கும் வந்துபோனவர்கள்.

தட்டு செய்பவரின் மகன்

இனிக் கடையில் விற்கும் தட்டுகளுக்கு வருகிறேன். நாங்கள் போன டுபாய்க் கடையில் நான்கு பெயர்கள் முன்னுக்கு நின்றன. ஸில்ஜியன், சேபியன், பைஸ்டி, இவற்றோடு இஸ்தான்புல்லில் கையால் அடித்த தட்டுகள்.

ஸில்ஜியன் குடும்பம் ஆர்மேனியர். கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரில் அவேதிஸ் என்ற ஆர்மேனிய இரசவாதி, பொன் செய்யும் முயற்சியில் 1618 அளவில் இந்த ஒலிக்கும் கலவையைக் கண்டுபிடித்தார் என்பது குடும்பத்தார் சொல்லும் வரலாறு. ஒட்டோமான் சுல்தானின் படைகளோடு போகும் மெஹ்தர் வாத்தியக் குழுவுக்குத் தட்டுகள் தேவைப்பட்டன. 1623இல் அவர் சொந்தப் பட்டறை தொடங்கினார். சுல்தான் கொடுத்த பட்டம்தான் குடும்பப் பெயர். துருக்கியில் 'ஸில்' என்றால் தாளத் தட்டு, 'ஜி' என்றால் செய்பவர். ஆர்மேனிய மொழியில் 'யன்' என்றால் மகன். தட்டு செய்பவரின் மகன். பாதி துருக்கி, பாதி ஆர்மேனியம். ஒரே பெயருக்குள் இரண்டு மொழியும் ஒத்துப்போயின. அந்த மக்கள் அப்படி ஒத்துப்போகாமல் போனதைத்தான் பிறகு வரலாறு சொல்கிறது.

படை வாத்தியமாக இருந்த தட்டு மெல்ல ஐரோப்பாவுக்குப் போயிற்று. மொஸார்ட் 1782இல் அரங்கேற்றிய ஒரு துருக்கிக் கதை நாடகத்தில் தாளத் தட்டுகள் ஒலித்தன. 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு ஸில்ஜியன் குடும்பமே தட்டுகளைக் கொண்டுபோனது. செய்முறை மட்டும் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒட்டோமான் நாட்டில் ஆர்மேனியருக்கு நிலைமை கெட்டது. குடும்பத்தில் அராம் என்பவர் சுல்தானுக்கு எதிரான அரசியலில் பெயர் அடிபட்டு, ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகருக்கு ஓடினார். அவருடைய பெறாமகன் முறையான இளைஞர் இன்னொரு அவேதிஸ் 1909இல் அமெரிக்காவின் பொஸ்ரன் பக்கம் போனார். 1915இல் தொடங்கிய இனப்படுகொலையில் இலட்சக்கணக்கான ஆர்மேனியர் மாண்டார்கள். தப்பியவர்கள் சிரியா, லெபனான், எகிப்து, பிரான்ஸ், அமெரிக்கா என்று சிதறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் பிறகு தொழில் தேடி வளைகுடாவுக்கும் வந்தார்கள். சார்ஜா யர்மூக் பகுதியில் எங்கள் ஆட்கள் போகும் தேவாலயங்களுக்குப் பக்கத்திலேயே ஆர்மேனியத் தேவாலயமும் இருக்கிறது. குவைத்திலும் ஒரு காலத்தில் பெரிய ஆர்மேனிய சமூகம் இருந்தது. 1990இல் ஈராக் படையெடுத்தபோது அதில் பெரும்பகுதி மறுபடியும் பெட்டி கட்ட வேண்டி வந்தது.

தமிழருக்கும் இவர்களுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சென்னையில் ஆர்மேனியன் தெரு என்று இன்றும் இருக்கிறது. உலகத்தில் ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதலாவது பத்திரிகை 'அஸ்தரார்' சென்னையில்தான் 1794இல் அச்சானது. தாய்நாட்டில் அல்ல, நாடு விட்ட இடத்தில். வானொலியும் இந்த மடலும் நடத்தும் எங்களுக்கு இது ஒரு சந்தோஷமான செய்தி.

மிட்டாய்க் கடைக்காரர்

பொஸ்ரனுக்குப் போன அவேதிஸ் அங்கே தட்டு செய்யவில்லை. மிட்டாய் செய்து விற்றார். நன்றாகவே பிழைத்தார். 1927இல் அராமிடமிருந்து கடிதம் வந்தது. குடும்பத் தொழிலை ஏற்கும் முறை இப்போது உன்னுடையது என்று. அவேதிஸ் உடனே துள்ளிக் குதிக்கவில்லை. வந்த நாட்டில் காலூன்றி, குடும்பமாகி, தொழிலும் நடக்கும்போது, பழைய ஊரின் பாரத்தை யார் விரும்பித் தூக்குவார்? எங்களில் எத்தனை பேர் ஊர்க் காணி உறுதியைப் பற்றி வந்த கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருக்கிறோம்!

கடைசியில் சம்மதித்தார். அராம் கடல் கடந்து வந்து செய்முறையைக் காட்டிக்கொடுத்தார். பொஸ்ரனுக்குத் தெற்கே குயின்ஸி என்ற இடத்தில் 1929இல் கம்பனி தொடங்கியது. உலகப் பொருளாதாரமே சரிந்த ஆண்டு அது. கணக்காளனாக நான் அருகில் இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் ஆலோசனை சொல்லியிருப்பேன்.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முந்நூறு வருடச் செய்முறை கையில் இருந்தும், அவேதிஸ் பழைய தட்டையே செய்துகொண்டிருக்கவில்லை. ஜாஸ் வாசிப்பவர்களிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஜீன் குருப்பா போன்றவர்கள் மெல்லிய தட்டு வேண்டும் என்றார்கள். படை நடைக்குச் செய்த கனத்த தட்டு அவர்களுக்கு ஒத்துவரவில்லை. 1940 அளவில் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் கென்னி கிளார்க் என்ற கறுப்பினக் கலைஞர், காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மில் இருந்த நடையைத் தூக்கி மேலே இருந்த தட்டுக்குக் கொண்டுபோனார். றைட் என்ற தட்டின் வேலை அப்படித்தான் உருவானது. றைட், கிராஷ், ஸ்பிளாஷ் என்ற பெயர்களையே அவேதிஸ்தான் வைத்தார் என்று கம்பனி சொல்கிறது. ஆக, என் பெறாமகன் தேடிக்கொண்டு போன றைட் சிம்பல் இஸ்தான்புல்லில் இருந்த பொருள் அல்ல. நாடு விட்டு வந்த ஒருவரின் கைமுறையும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளின் செவியும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

சண்டையும் வந்தது, நேயர்களே. அதையும் மறைக்கக் கூடாது. 1979இல் அவேதிஸ் இறந்தபின், மக்கள் ஆர்மண்ட், றொபேட் இருவருக்கும் இடையே வழக்கு. 1981இல் பிரிந்த றொபேட், கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மெடக்ரிக் என்ற சிறு ஊரில் இருந்த தொழிற்சாலையில் தனிப் பெயரில் தொடங்கினார். சாலி, பில்லி, அண்டி என்ற தன் மூன்று பிள்ளைகளின் பெயர் முன்னெழுத்துகளைச் சேர்த்து 'சேபியன்' என்று வைத்தார். தந்தை வழியாக மகனுக்கு என்று சொல்லி வந்த ஸில்ஜியன் கம்பனிக்கு 1999இல் தலைமை ஏற்றவர் ஆர்மண்டின் மகள் கிரேகி. முதல் பெண். வழக்கம் என்பது இப்படித்தான் நகர்கிறது.

எல்லோரும் ஓடிவிடவும் இல்லை. இஸ்தான்புல்லில் தங்கிய உறவினர் மிக்காயேல் 1970களின் இறுதிவரை பட்டறையை நடத்தினார். அது மூடியபின், அங்கே தொழில் பழகிய இருவர் 1980களின் தொடக்கத்தில் சேர்ந்து 'இஸ்தான்புல்' என்ற பெயரில் தட்டு அடித்தார்கள். ஒருவர் ஆர்மேனியர் அகோப், மற்றவர் மெஹ்மெத். இருவரும் சிறுவயதில் அந்தப் பட்டறையில் ஒன்றாகச் சுத்தியல் பிடித்தவர்கள். 1996இல் அகோப் இறந்தபின் கம்பனி இரண்டாகப் பிரிந்து, இன்று இருவர் பெயரிலும் தட்டுகள் வருகின்றன. ஊரில் நின்றவர்களும் தொழிலைக் காத்தார்கள் என்பதை வெளியே வந்த நாங்கள் மறந்துவிடக் கூடாது.

ஐந்து நாடுகளில் ஒரு பட்டறை

பைஸ்டி குடும்பத்தின் பாதை எங்கள் பாதையைவிட நீளம். எஸ்தோனியரான தோமாஸ் பைஸ்டி 1900களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வாத்தியக் கடை வைத்தார். 1917 புரட்சிக் குழப்பத்தில் தாலின் நகருக்குத் திரும்பினார்கள். மகன் காலத்தில் தட்டு செய்வது முக்கிய தொழிலாயிற்று. 1940இல் போர் துரத்த, போலந்து. 1945இல் அங்கிருந்தும் வெளிக்கிட்டு, ஜேர்மனி. மறுபடியும் ஒன்றுமில்லாமல் தொடங்கினார்கள். 1957இல் சுவிற்சர்லாந்தின் நொட்வில் ஊரில் தொழிற்சாலை. அந்தக் குடும்பம் கைவிட்ட கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் எவரும் இழப்பீட்டுக் கணக்கு எழுதியிருக்கப் போவதில்லை.

தட்டைத் தெரிவு செய்தல்

இவ்வளவையும் படித்துவிட்டு, கடைக்குப் போகும் வழியில் காரில் பெறாமகனுக்கு முழு விரிவுரை கொடுத்தேன். என் மனம் சுவிஸ் தட்டின் பக்கம். ஐந்து நாடு கண்ட குடும்பம் அல்லவா!

கடையில் அனுபவமுள்ள ஒரு தொழில்நுட்பவியலாளர் இருந்தார். முதலில் அண்ணாவின் தட்டைக் காட்டினோம். விரலால் சுண்டினார், புரட்டினார், மெல்லச் சொன்னார். இது வெண்கலமே இல்லை, மலிவான பித்தளைத் தகடு. வெடிப்பின் நுனியில் சிறு துளை போட்டால் மேலும் ஓடாது, ஆனால் வாசிக்க உதவாது என்றார். நடு ஓட்டையும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. தாங்கியில் பிளாஸ்ரிக் குழாய் போடாமல் வாசித்தால் இரும்பு அரித்து அப்படி ஆகுமாம். பெறாமகன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சேலையில் சுற்றிக் கிளாலி தாண்டிய தட்டு அது.

பிறகு அவர் தெரிவு செய்யும் முறையைச் சொல்லித் தந்தார். பிள்ளைகளுக்கு வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். சொந்தக் குச்சியைக் கொண்டுபோங்கள். குச்சியின் மரமும் நுனியும் மாறினால் சத்தமும் மாறும். தட்டின் மூன்று இடத்தையும் தட்டிப் பாருங்கள்: நடுக் கிண்ணம் மணிபோல் கேட்கவேண்டும், வளைவில் குச்சியின் ஒவ்வொரு அடியும் தனியாகத் தெரியவேண்டும், விளிம்பில் அடித்தால் விரியவேண்டும். வேகமாக வாசித்தால் அடிகள் ஒன்றோடொன்று குழம்பி இரைச்சலாகிறதா என்று கேளுங்கள். கனத்த தட்டு தெளிவு, மெல்லிய தட்டு இதம். வீட்டில் இருக்கும் ஹை-ஹற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்து வாசியுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் பத்து அடி தள்ளி நின்று கேட்கவேண்டும். சபைக்குக் கேட்பது அந்தச் சத்தம்தான். பெயரைப் பார்க்காமல் கேளுங்கள்.

ஆறு தட்டுகளை வரிசையாகப் பூட்டினார். பெறாமகன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். கடைக்காரர் அடித்தார். மூன்றைக் கழித்தான், இரண்டைக் கழித்தான். மிஞ்சியது இஸ்தான்புல்லில் அடித்த 20 அங்குலத் தட்டு. சுத்தியல் தழும்புகள் கையால் தடவினால் தெரிந்தன.

"மற்றதை இன்னொருக்காக் கேட்டுப் பார், தம்பி. அந்தக் குடும்பம் பட்ட பாடு..." என்று நான் இழுத்தேன்.

"சித்தப்பா, கதைக்கு வாங்கேல்லை. சத்தத்துக்கு வாங்கிறன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது சரி. மிட்டாய்க்காரர் அவேதிஸ் முந்நூறு வருடப் பெயரைச் சொல்லித் தட்டு விற்கவில்லை, வாசிப்பவன் செவியைக் கேட்டுத்தான் விற்றார் என்று அரை மணி நேரத்துக்கு முன் அவனுக்குச் சொன்னவனே நான்தான். ஆயிரத்து முந்நூறு திர்ஹாம் முடிந்தது, 2018இல் வந்த ஐந்து வீத வற் வரியும் சேர்த்து. பாதியை நான் கொடுத்தேன்.

அண்ணாவின் பதில்

அன்றிரவு அண்ணாவுக்கு எடுத்தோம். பெறாமகனுக்குக் குரல் வரவில்லை. நான்தான் சொன்னேன். வெடித்ததைச் சொன்னேன். பித்தளை என்றதைச் சொல்லலாமா என்று யோசித்து, அதையும் சொன்னேன். நாற்பது வருடம் ஒரு பொருளை ஒரு பெறுமதிக்கு எழுதி வைத்திருந்து, அது அந்தப் பெறுமதி இல்லை என்று தெரிந்தால் மறைக்கக் கூடாது என்பது என் தொழில் பழக்கம்.

அண்ணா சிரித்தார். "அது பித்தளை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். கொழும்பிலை சொல்லித்தான் தந்தவன். வெண்கலம் வாங்கக் காசு இருக்கேல்லை."

"பிறகு ஏன் அண்ணா அதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"கரியரிலை வைக்கக்கூடியது அதுதானேடா. ட்ரம்மை வைக்கேலுமோ?"

பிறகு மகனைக் கேட்டார். "புதுசைத் தட்டிக் காட்டு, கேப்பம்."

பெறாமகன் மெல்லத் தட்டினான். பக்கத்து ஃபிளற்காரர் கதவைத் தட்டாதபடி ஒரு துவாயை விளிம்பில் போட்டுக்கொண்டுதான். அண்ணா கொஞ்ச நேரம் கேட்டார். "நடை கொஞ்சம் ஓடுது. நிதானமாப் பிடி" என்றார். அவ்வளவுதான்.

நேயர்களே, வளைகுடாவின் ஆறு நாடுகளும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பம் இடாதவை. இந்தியாவும் இலங்கையும்கூட இடவில்லை. ஆகவே அந்த உடன்படிக்கை சொல்லும் அகதி நிலைக்கு இங்கே இடமில்லை. நாங்கள் வேலை விசாவில் இருப்பவர்கள், அது முடிந்தால் புறப்பட வேண்டியவர்கள். பிள்ளைகளுக்கு எதை விட்டுப்போவது என்ற கேள்வி அதனால் எங்களுக்கு எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. பொருளைக் காப்பாற்றிக் கொடுக்கவேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அண்ணா கொடுத்தது பித்தளைத் தகடு. அதோடு சேர்த்து மகனுக்குக் கொடுத்தது நடை பிடிக்கும் பழக்கமும், நல்ல சத்தம் எது என்று அறியும் செவியும். தகடு வெடித்தபோது அவை வெடிக்கவில்லை. அந்தச் செவியால்தான் அவன் என் விரிவுரையைத் தள்ளிவைத்துவிட்டுத் தனக்கான தட்டைத் தெரிவு செய்தான்.

பழைய தட்டை எறிய எங்களுக்கு மனம் வரவில்லை. வெடிப்பின் நுனியில் ஒரு துளை போடுவித்து, என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். என் கணக்கில் அதன் பெறுமதி பூச்சியம்தான். ஆனாலும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

உங்கள் வீடுகளிலும் இப்படிச் சேலையில் சுற்றி வந்த ஏதாவது ஒன்று இருக்கும். அதன் கதையைப் பிள்ளைகளோடு இருந்து ஒருமுறை பேசுங்கள். முடிந்தால் எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள், வானொலியில் வாசிக்கிறோம்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.